மலைப் பள்ளியில் நான் வாங்கிய மதிப்பெண்

மலைப் பள்ளிக்கூட உத்தியோகத்தில் பாடம் பகலில், பரீட்சை இருட்டிய பிறகு. போன மாதம் ஒரு ராத்திரி, என் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஏதோ ஒன்று தொண்டை கிழியக் குரைத்தது. நாய் அப்படிக் குரைக்காது. கணவர் சேலத்தில், எட்டு மாதக் குழந்தை என் மடியில். விடிந்ததும் மாற்றல் விண்ணப்பம் எழுதிவிட்டேன். அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் பாக்கி. மலையேறிய சக ஆசிரியர்களே, உங்களுக்குப் புரியும்.

சிவப்பு மையின் வீரம்

அதற்கு முந்தின வாரம்தான் மூன்றாம் வகுப்புக்குத் தேர்வு. 'குரைக்கும் விலங்கு எது?' பதினோரு பேரில் ஒன்பது பேர் 'நாய், கேளையாடு' என்று எழுதியிருந்தார்கள். கான்வென்டில் படித்தவள் அல்லவா, ஆடு குரைக்காது என்று எனக்குத் தெரியும். தாராளமாகத் தப்பு போட்டேன். இப்போது அந்த ராத்திரிச் சத்தத்தை வகுப்பில் நானே குரைத்துக் காட்டி, என்ன அது என்று கேட்டேன். செல்வி என்ற சிறுமி பேப்பரை நீட்டினாள்.

"அதானுங்க டீச்சர் கேளையாடு. ஆடு இல்லீங்க, கொரைக்கிற மானுங்க. மார்க்கு போடுங்க."

மிளகுக் கணக்கு

சேலத்தில் பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்தே பாடம் எடுக்க வேண்டும் என்று, அடிவாரத்தைத் தாண்டியிராத ஒருவர் ஏசி அறையில் படம் போட்டு விளக்கினார். நானும் கணக்குப் புத்தகத்து ஆப்பிளைத் தள்ளிவிட்டு மிளகுக்கு வந்தேன். பத்து மரத்தில் ஏறிய கொடி மிளகைப் பறிக்க ஒருவருக்கு ஐந்து நாள். ஐந்து பேர் பறித்தால்? கணக்கில் சுட்டியான முருகேசன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அப்பவும் அஞ்சு நாளுதானுங்க டீச்சர். ஊட்டுக்கு ஏணி ஒண்ணுதானுங்களே."

பெற்றோர் கூட்டம்

காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று நோட்டீஸ் அனுப்பினேன். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். கூட்டத்துக்கு ஒரு கோழி வந்தது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பதிவேட்டில் அழகாக எழுதினேன்.

அன்றைக்கே பொழுது சாய்ந்ததும், பழம் பறித்த கையோடு ஏழு அம்மாக்கள் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, இப்போது நடத்துங்கள் என்றார்கள். என் குழந்தை மடி மடியாகச் சுற்றியது. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் விசாரித்த பிறகு, செல்வியின் அம்மா ராஜம்மா விஷயத்துக்கு வந்தார். முன்பு வந்த மூன்று டீச்சர்களும் வருஷம் முடியுமுன்னே இறங்கிவிட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் முதல் பாடத்திலிருந்தே ஆரம்பித்தார்களாம். நான் போகும் தேதி தெரிந்தால் சௌகரியமாம்.

பொய் வரவில்லை. ராத்திரி தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, விண்ணப்பமும் தயார் என்றேன். அம்மாக்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஆறு பேர் கிளம்பினார்கள். ராஜம்மா பாயை விரித்தார். நாளைக்கு முருகேசன் அம்மா, அடுத்த நாள் இன்னொருவர், முறை போட்டாயிற்று என்றார். பிறகு எழுந்து போய்க் கதவை உள்ளே தாழிட்டார். இவருக்கும் பயம்தான் போல என்று எனக்கு அற்ப சந்தோஷம். கேட்டேவிட்டேன்.

"வெளிய இருந்து ஒண்ணும் வராதுங்க டீச்சர். நீங்க எறங்கிப் போயிடக் கூடாதுன்னுதானுங்க."

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளின் சூழலை அறிந்து பாடம் நடத்துங்கள். இல்லாவிட்டால் அந்தச் சூழலே வீடு தேடி வந்து, உங்களை உள்ளே வைத்துத் தாழ் போட்டுவிடும்.