ஐயம்பேட்டையில் மூவாயிரம் ரூபாய் அறையும் ஒரு சிவப்புக் குர்தாவும்

நான் பினாங்கில் கட்டடக் கலை படிக்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு பருவத்தை வெளிநாட்டில் படிக்கலாம் என்றதும் தோழிகள் கொரியா, ஜப்பான் என்று கிளம்பினார்கள். நான் காஞ்சிபுரத்தைக் கேட்டு வாங்கினேன். அந்தக் கோயில் மண்டபங்களை என் கையால் அளந்து வரைய வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதம், உதவித்தொகை மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய். வீட்டில் அதற்கு மேல் கேட்க முடியாது. இதற்குள் எப்படிக் காலம் தள்ளினாய் என்று பலர் கேட்பதால் இந்தப் பதிவு.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் இரண்டரை மணி நேரம் ஆனது. கல்லூரி விடுதிக் கட்டணம் மாதம் ஒன்பதாயிரம், சாப்பாடு தனி என்றார்கள். தலை சுற்றியது. அங்கே என் வகுப்பில் படித்த உள்ளூர்த் தோழி ஒருத்திதான் வாலாஜாபாத் சாலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஐயம்பேட்டையில் ஒரு மாடி அறையைக் காட்டினாள். வாடகை மூவாயிரம். கீழே வீட்டுக்காரர் சேகர் அண்ணனும் அவர் மனைவி குமாரி அக்காவும் பட்டு நெய்கிறார்கள். இந்த அறை கைவிட்டுப் போனால் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று முதல் நாளே எனக்குத் தெரியும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "நான் மலேசியா, எனக்கும் உண்டா?" என்று நடத்துநரிடம் கேட்டேன். "பொம்பளப் புள்ளதானே நீ? ஊர யாரு கேட்டா, ஏறி உக்காருமா" என்றார். காலையில் மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி முப்பது ரூபாய், மதியம் மெஸ்ஸில் சாப்பாடு எழுபது. இரவுக்கு அறையிலேயே கஞ்சி. இப்படி வாடகை, வரைதாள், அச்சுச் செலவு எல்லாம் சேர்த்தும் மாதம் பதினோராயிரத்தைத் தாண்டவே இல்லை.

மற்றபடி அந்த நாட்களை நான் பாதித் தூக்கத்தில் கழித்ததாகத்தான் நினைவு. அளவு நாடாவை மண்டபத் தரையில் போட்டுவிட்டு, தூணின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே மாலையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து தாமல் ஏரிக்கரையில் போய்ப் படுத்துக்கொள்வேன். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. இந்த மயக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

மார்ச் மாதம் ஒரு நாள் காலை ஆறேகால் மணி. சாலையோரக் கடையில் நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கிய சிவப்புக் குர்தாவை அலசி, வழக்கம்போல் மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டேன். கீழே தெருவில் பாவு விரித்திருந்தார்கள். சேலைக்கான நீளவாட்டு இழைகளைத்தான் பாவு என்கிறார்கள். விடியற்காலையில் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிடுவார்கள். வண்டிகளுக்கு வழி விட்டு, வீட்டுச் சுவரை ஒட்டியே கட்டியிருந்தார்கள். சந்தன நிறம், கல்யாணச் சேலைக்கு. இளவெயில் அதன்மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றேன். என் குர்தாவிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்பு அந்தச் சந்தனத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"யார்பா அது மேல? சாயம் ஒழுவுது பாரு" என்று தெருவில் ஒரு குரல்.

குர்தாவை இழுத்து மாடித் தரையில் போட்டுவிட்டு ஓடி இறங்கினேன். சேகர் அண்ணன் குனிந்து, கறை பட்ட இழைகளை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். முப்பத்தேழு. "பாவு காயட்டும்" என்றார். குமாரி அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மேலே போய்ப் பையைக் கட்ட ஆரம்பித்தேன். அவர்கள் போகச் சொல்லும் முன் நானே போய்விடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. அழுகையும் வந்தது. மொட்டை மாடியின் பின்பக்கம் யாரோ ஆணி அடிக்கும் சத்தம். 'வாடகைக்கு' பலகை அதற்குள் தயாராகிறது என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு அக்கா மேலே வந்தார். "இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

"போறேன்கா. நஷ்டத்த எப்படியாவது..."

"நீ போய்ட்டா அந்த இழையெல்லாம் யாரு புடிக்கறது? நாளைக்கு அமாவாசை, தறியாண்ட யாரும் உக்காரமாட்டோம். இன்னிக்கே முடிச்சாவணும். கீழ வா."

கறை பட்ட இடத்தை அறுத்துவிட்டு, அதே நிறத்தில் வேறு இழையை இரண்டு முனையிலும் பிணைக்க வேண்டும். நான் சிவப்பைத் தேடி எடுத்துப் பிடிப்பேன். அக்கா சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்குவார், இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். "நவுராத, மூச்சு கூட மெதுவா விடு" என்றார். நான்கு மணிக்குக் கடைசி இழை முடிந்தது. எந்த இடத்தில் கறை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

குர்தாவை எடுக்க மாடிக்குப் போனேன். அது போட்ட இடத்தில் இல்லை. பின்பக்கம், தெருவைப் பார்க்காத பக்கம், இரண்டு புது ஆணிகளுக்கு நடுவே நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அதில் என் குர்தா காய்ந்துகொண்டிருந்தது. காலையில் நான் பை கட்டிய நேரத்தில் அண்ணன் எனக்குக் கொடி கட்டியிருக்கிறார். பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கினேன்.

அந்தப் பக்கம் போகும் மாணவர்களுக்கு: டவுனில் தேடாதீர்கள், ஐயம்பேட்டை மாதிரி ஊர்களில் கேளுங்கள், பாதி வாடகைக்கு அறை கிடைக்கும். கோடைக்கு மின்விசிறி போதாது, மார்ச்சிலிருந்து தரையில் படுங்கள். மலிவான சிவப்புத் துணி வாங்கினால் மூன்று முறை தனியாக அலசுங்கள். எதையும் காயப் போடும் முன் கீழே எட்டிப் பாருங்கள்.

ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. போன வாரம் அக்காவிடம் பேசும்போது அந்தக் கொடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குது மா. எங்க துணியெல்லாம் கீழதான காயுது. அது உன்னுது, அப்டியே கெடக்குது."