பெட்ரோல் இல்லாப் பயணம்

நாரணாபுரத்தில் ஒரு டீக்கடை முன்னால் மூச்சு வாங்க நிற்கிறோம். மதுரை சைக்கிள் குழு நாங்கள். முகத்தில் தியாகிக் களை, பனியன் நெஞ்சில் ஊர்ப்பெயர், முதுகில் 'ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாப் பயணம்'. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் பேட்டரி சைக்கிளில் தூக்குவாளியோடு வந்து இறங்குகிறார்.

"மிதிக்காமப் போறது ஏமாத்து வேலைக்கா," என்கிறார் எங்கள் தலைவர்.

"நாள் பூரா சம்மணம் போட்டு வெடிக்குத் திரி வச்சு முட்டி தேஞ்சு போச்சு. இனி எங்கன மிதிக்க? நீங்க மதுரையிலருந்து மிதிச்சா வந்தீக?"

"விருதுநகர் வரைக்கும் கார்ல வந்தோம்."

"சைக்கிளு?"

"கார் மேல."

அக்கா தலைவரைச் சுற்றி வந்து அவர் முதுகை நிதானமாக வாசிக்கிறார்.

"அப்ப இது நான் போட வேண்டிய பனியன்லா? கழட்டுங்க."