காலரி சரிந்த மைதானம்

மகளோடு போன சென்னை உள்ளரங்கில் கச்சேரி தொடங்கியதும் கூட்டம் காலால் தாளம் தட்டியது. இருக்கை அதிர்ந்ததும் எனக்கு ராமநாதபுரம் மைதானம் நினைவுக்கு வந்தது.

என் சின்ன வயசில் அங்கே வருஷத்துக்கு ஒருநாள் பகலில் கபடி, மாலையில் பாட்டுக் கச்சேரி. வறுகடலை மணக்க, சவுக்குக் கம்பில் பலகை கட்டிய காலரிப் படியில், என்னைப் பெற்ற அய்யாவின் மடியில் இருந்தேன். கடைசி ரெய்டுக்கு எல்லாரும் எழுந்து குதித்தார்கள். காலரி சரிந்தது.

"பிள்ளையப் புடிங்க!" என்று கீழே நின்றவரிடம் என்னை வீசினார் அய்யா. பலகைகள் அவர்மீது விழுந்தன.

அதன்பின் அவர் நடக்கவில்லை. மறுவருஷம் கபடி விசில் வீடுவரை கேட்டதும் அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

"தொறந்து வையி. யாரு செயிக்கிறான்னு கேட்டுக்கிறேன்," என்றார் அய்யா.

இங்கே மகள், "எந்திரிம்மா!" என்று குதித்தாள். நான் இருக்கையின் கைப்பிடியை விடவில்லை.