அந்தத் தீவில் யாருக்குக் கலியாணம்?

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புக் கழுவும் அறையில் நின்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மெஷின்கள் இதமாக உறுமிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் மாடி அன்ரி சூடான போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டில் மனம் இளகிப்போய்... வாயை விட்டுவிட்டேன்.

"அன்ரி, நாங்கள் இந்த ஜூனிலை கிறீஸுக்குப் போகப்போறம். ஒரு தீவுக்கு."

அன்ரியின் கை போர்வையோடு அப்படியே நின்றது.

"அங்கை ஆருக்குக் கலியாணம்?"

"ஒருத்தருக்கும் இல்லை அன்ரி."

"அப்ப... ஆருக்கும் சுகமில்லையோ?"

அதுவும் இல்லை, சும்மாதான் போகிறோம் என்றேன். அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் ஏதோ பிரச்சினை, பாவம், சொல்லத் தயங்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார் போலும். தோளில் மெல்லத் தட்டி, "எல்லாம் சரிவரும் பிள்ளை" என்றார்.

சிரிக்காதீர்கள். அன்ரியில் பிழை இல்லை. நம்மில் எத்தனை பேர் 'சும்மா' ஒரு நாட்டுக்குப் போயிருக்கிறோம்? லண்டனுக்குப் போனோம் — பெரியபிள்ளையான மருமகளின் சாமத்தியவீடு. ஜெர்மனிக்குப் போனோம் — செத்துப்போன மாமாவின் அந்தியேட்டி. பாரிஸுக்குக் கலியாணத்துக்குப் போய்வந்த என் சிநேகிதி அங்குள்ள பெரிய கோபுரத்தைக் கலியாண வீடியோவில்தான் பார்த்தாள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்த நேரம், இவள் மண்டபத்தில் பலகாரத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாளாம்!

எங்களுடைய உலகப் படத்தில் சொந்தக்காரர் இருக்கிற இடம்தான் நாடு. மற்றதெல்லாம் விமான ஜன்னலால் தெரிகிற மேகம்.

அப்படியானால் கிறீஸ் எப்படி வந்தது?

என் கணவர் டன்போர்த் தெருவில் ஒரு கிரேக்க உணவகத்தில் வேலை செய்கிறார். வந்த புதிதில் கோப்பை கழுவப் போனவர். இப்போது இறைச்சி வாட்டும் அடுப்புக்குப் பொறுப்பு. அந்தக் குசினிச் சுவரில் ஒரு கலண்டர். முதலாளி பிறந்தது நக்ஸொஸ் என்ற தீவில். அங்கே இருக்கும் அவருடைய தம்பி வருஷா வருஷம் அனுப்புகிறார். வெள்ளை வீடு, நீலக் கதவு, படிக்கட்டில் சோம்பிக் கிடக்கும் பூனை, கீழே கடல். ஜனவரியிலும் வெயில், டிசம்பரிலும் வெயில். மாதம் முடிந்து கிழிக்கிற தாளை இவர் குப்பையில் போட விடமாட்டார். பத்திரமாகச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் படுக்கையறைக் கதவின் பின்பக்கம் முழுவதும் இப்போது கடல்தான்.

இவர் ஆசைப்படத் தெரியாத மனிதர். கார் எதற்கு, சப்வே இருக்கிறதே என்பார். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனபோதும் ஒரு பெருமூச்சு விட்டதில்லை. இந்தப் பனிக்காலத் தொடக்கத்தில் எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. நீலப் பாஸ்போர்ட் வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"இஞ்சை பார். முதல்தரமா, தப்பி ஓடாமல் ஒரு இடத்துக்குப் போகலாம்."

கேட்டதும் சும்மா இருக்க என் குணம் விடுமா?

"போய் என்ன செய்யப்போறியள்?"

"கடலுக்குப் பக்கத்திலை ஒரு கதிரையைப் போட்டு இருக்கப்போறன்."

"பிறகு?"

"பிறகென்ன? இருக்கப்போறன்."

உங்களுக்கு விளங்குகிறதா? ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போனால், சாப்பிட்டுக் கை கழுவுமுன் ரெலிபோன் அடிக்கும். ஊரில் எந்தப் பக்கம் ஷெல் விழுந்தது, யார் இடம்பெயர்ந்து போனார்கள், யாருக்கு ஸ்பொன்சர் சரிவரவில்லை... கேட்கத்தான் வேண்டும். நம் ஆட்களின் பாடுகளை நாம் கேட்காமல் யார் கேட்பது? ஆனாலும் ஒரு பத்து நாள் — பத்தே நாள் — ரெலிபோன் மணிக்குத் திடுக்கிடாமல் ஒரு மனிதர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் எங்கள் வீட்டில் கிறீஸ்தான். வெளியே கட்டிடங்களுக்கு நடுவே பனி சுழன்று சுழன்று இறங்கும். நாங்கள் கார்ப்பெட்டில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மகளோடு மூன்று பேரும் குப்புறப் படுத்திருப்போம். ஏதென்ஸ் துறைமுகத்திலிருந்து தீவுக்கு இரண்டு விதமான கப்பல் போகிறதாம். வேகமானது, மெதுவானது. இவருக்கு மெதுவானதுதான் வேண்டும்.

"வேகமாப் போனால் கெதியா முடிஞ்சிடுமெல்லே" என்றார்.

கப்பலின் மேல்தட்டில், காற்றில், என் சேலைத் தலைப்புப் பறப்பது எனக்குத் தெரிந்தது. அங்கே காலையில் எழும்பி நீலக் கதவைத் திறப்பேன். உடுப்பைக் கொடியில் வெயிலில் காயப்போடுவேன். கைநிறையச் சில்லறையோடு மெஷினுக்கு முறை பார்த்து நிற்காமல்! இதுவும் ஒரு கனவா என்று கேட்காதீர்கள். பதினேழாம் மாடியில் இருந்து பாருங்கள், தெரியும்.

எட்டு வயது மகளுக்கு வேறு கவலை.

"அப்பா, அங்க டமில் கிளாஸ் இருக்காதுதானே?"

"இருக்காது பிள்ளை."

"தென் லெட்ஸ் ஸ்டே தெயார்!"

இப்படி நாங்கள் பாதித் தீவுவாசிகளாகிவிட்ட நேரத்தில்தான் நான் அன்ரியிடம் வாயைக் கொடுத்தேன். அன்ரியின் செய்திச் சேவைக்கு எந்த ரேடியோவும் ஈடாகாது. அன்று பின்னேரமே லண்டனிலிருந்து இவருடைய சித்தப்பா ரெலிபோன் எடுத்தார். லண்டனில் பிளேன் மாறித்தானே போகிறீர்கள், ஒரு மூன்று நாள் நின்றால் என்ன? இவர் "ஓம்" என்றார். அடுத்த நாள் பாரிஸிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி. லண்டனில் நிற்கிறவர்களுக்குப் பாரிஸ் என்ன தூரமா? அதற்கும் "ஓம்." பத்து நாள் தீவு ஒரு வார இறுதியாகச் சுருங்கியது. இவர் வரைபடத்தைப் பார்த்து, "பரவாயில்லை, ஒரு பின்னேரம் எண்டாலும் கடலிலை இருக்கலாம்" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை சுவிஸிலிருந்து மச்சாள் எடுத்தார்.

மச்சாள் இவருடைய மூத்த அக்கா. சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவர். ஐரோப்பா வழியாகப் போகிற எங்கள் சனம் எல்லாம் சூரிச்சில் அவர் கையால் சாப்பிட்டுத்தான் போகும். ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் கேட்கிற குரல்.

"தம்பி, எங்கடை தலைக்கு மேலாலை பிளேனிலை போவியள், இறங்க மாட்டியளோ?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான் பல்கனியிலை நிண்டு கை காட்டவோ?"

பிறகு அழுகைச் சத்தம். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அழாதேங்கோ அக்கா. தீவை விடுவம். உங்களிட்டையே வாறம்."

அந்த 'விடுவம்' என் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. கலியாணம் முடித்த நாளிலிருந்து மச்சாளுக்கு ஒரு சொல் எதிர்த்துச் சொல்லாதவள் நான். எங்கிருந்து துணிவு வந்ததோ, ரிசீவரைப் பறித்துவிட்டேன்.

"மச்சாள், நீங்கள் வாங்கோவன்."

"எங்கை?"

"அந்தத் தீவுக்கு."

அழுகை நின்றது. மச்சாள் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"நாங்கள் இருப்பம், மச்சாள்."

மறுமுனையில் ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது.

அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்குள்ளும் பனி பெய்தது என்று வையுங்கள். இவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி, விஷயம் முடிந்திருக்கும். "அக்கா கோவிச்சிட்டா" என்று மட்டும் சொன்னார். வரைபடத்தை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தார்.

நான் என்ன பிழையாகச் சொன்னேன்? எங்களில் போகிறவர்கள் இருக்கிறார்கள்; வரவேற்கிறவர்கள் இருக்கிறார்கள். போகிறவர் பார்சல் சுமக்க வேண்டும், வரவேற்கிறவர் சமைக்க வேண்டும். இரண்டு பேரும் எழும்பிப் போய், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் சந்தித்தால் என்ன? இத்தனை வருஷத்தில் மச்சாள் யார் வீட்டிலாவது காலை நீட்டியிருந்து தேத்தண்ணி குடித்ததை யாரும் கண்டிருக்கிறீர்களா? நான் காணவில்லை.

சனிக்கிழமை காலை, ஜன்னலடியில் தேத்தண்ணியோடு நின்றவர் மெல்லக் கேட்டார்.

"சுவிஸிலை கடல் இல்லை, என்ன?"

"இல்லை."

"அக்காவுக்கு நல்லா நீந்தத் தெரியும். எனக்குப் பழக்கினதே அவதான்."

அவ்வளவுதான் சொன்னார். மச்சாளும் நீந்துவாரா? சமையல் உடுப்பும் கையில் அகப்பையுமாகவே நான் பார்த்துப் பழகிய மச்சாள், தலையை உயர்த்திக்கொண்டு, நீலத் தண்ணீரில் கையை வீசி வீசிப் போவதை அன்று முழுவதும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறியைக்கூட அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஹலோ இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

"பிள்ளை, அங்கை தேங்காய் கிடைக்குமோ?"

"எங்கை மச்சாள்?"

"எங்கையோ? உந்தத் தீவிலைதான்."

"தெரியாது மச்சாள்... விசாரிக்கிறன்."

"விசாரி. தேங்காய் துருவுற திருவலையை நான் கொண்டு வாறன்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவர் பதறிப்போய் ரிசீவரை வாங்கினார். அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலேயிருந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டிருந்தேன்.

நக்ஸொஸில் தேங்காய் விற்கிற கடை தெரிந்த வாசகர்கள் உடனே எழுதுங்கள் — லண்டனுக்கும் பாரிஸுக்கும் மட்டும் மூச்சு விடாதீர்கள்!