சந்தனம் அப்பிய ரிவால்வர்

ஜெர்மனியில் ஒரு ரிவால்வரை வைத்துப் பராமரிப்பதைவிட யானை கட்டித் தீனி போடுவது சுலபம். யானைக்காரனிடம், இந்த மாதம் எத்தனை தரம் குளிப்பாட்டினாய், கொப்பியில் எழுதி முத்திரை வாங்கி வா என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்னிடம், எத்தனை தரம் சுடப் போனாய் என்று கேட்கிறார்கள்.

ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் ஒருத்தி ஒருநாள் தன்னுடைய துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்கப் போன எனக்குக் கை நன்றாக வந்துவிட்டது. அதிலிருந்து சங்கத்தின் பொது ரிவால்வரில் பழகினேன். அது பத்துப் பேர் கைபட்டு, ஒருவரும் துடைக்காமல், கரி பிடித்துக் கிடந்த சாமான். பொறுக்க முடியாமல் சொந்தமாக ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். பரீட்சை, பொலிஸ் விசாரணை, கடிதத்துக்கு மேல் கடிதம் என்று மூன்று வருடம் போன பிறகுதான் அனுமதி அட்டை கைக்கு வந்தது. கண் மங்கிச் சுடுவதை நிறுத்திவிட்ட ஒரு சங்கத்துக்காரரிடம் பழைய ரிவால்வர் ஒன்றை மலிவாக வாங்கினேன்.

துவக்கு மலிவு, தோட்டா மலிவில்லை. விசையை ஒருதரம் அழுத்தினால் தமிழ்க் கடையில் ஒரு முருங்கைக்காயின் விலை போன மாதிரி. அதனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் உண்மையான தோட்டா. மற்ற நாட்களில் நிலவறையில் பிளாஸ்டிக் போலித் தோட்டாவைப் போட்டு, சுவரில் ஒரு கறுப்புப் புள்ளியை ஒட்டி, குழலின் மேல் ஒரு சில்லறைக் காசை வைத்து விசையை அழுத்துவேன். காசு விழாவிட்டால் கை ஆடவில்லை என்று அர்த்தம். செலவே இல்லாத பயிற்சி இது. சங்கத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், பிறகு போட்டியில் எனக்குப் பின்னால் வருகிறார்கள்.

துடைப்பதற்கு விற்கிற துணியையும் நான் வாங்குவதில்லை. கணவர் இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன். தேய்ந்த பல்துலக்கி ஒன்று, மெல்லிய எண்ணெய் ஒரு போத்தல், அவ்வளவுதான். எண்ணெய் ஒரு துளி போதும். தோசைக்கல்லுக்கு விடுகிற மாதிரி விட்டால் தூசி ஒட்டிக் குழம்பாகிவிடும்.

எங்கள் ஆட்களுக்குப் பதில் சொல்லித்தான் எனக்கு வாய் நோகிறது. "பொம்பிளைக்கு என்னத்துக்குத் துவக்கு?" "ஊரிலை சண்டைக்குள்ளை கேட்ட வெடிச் சத்தம் காணாதே?" கோயிலில் நின்றாலும் விடமாட்டார்கள். அங்கே சத்தம் என்னைக் கேட்காமல் வந்தது, இங்கே நான் அழுத்தினால்தான் வருகிறது என்று ஒரு அக்காவுக்குச் சொன்னேன். அவர் கேசரி நல்லாயிருக்கு என்றார். கணவர் மட்டும் ஒன்றுமே சொன்னதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சட்டம் கடுமையானது. ரிவால்வர் நிலவறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கிற இலக்கம் எனக்கு மட்டுமே தெரியலாம், கணவருக்கும் சொல்லக் கூடாது. அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணி அடிப்பார்கள். கவனிப்பாரில்லாமல் வெளியே கிடந்தால் அட்டை போய்விடும், பிறகு கனவிலும் கிடைக்காது.

போன சரஸ்வதி பூசைக்குக் கணவர் வழமைபோல் சாமித் தட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கினார். மகளின் லாப்டொப், தன்னுடைய ட்ரில், கார்த் திறப்புக் கொத்து, என் தையல் கத்தரிக்கோல். பிறகு என்னைப் பார்த்து, "உம்மடை துவக்கையும் கொண்டுவந்து வையும்" என்றார். உள்ளதைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். அடுப்பில் கடலை தீய்கிற மணம் வர, குசினிக்கு ஓடினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால், ட்ரில்லுக்கு ஒரு பொட்டு, லாப்டொப்புக்கு ஒரு பொட்டு, ரிவால்வருக்கு மட்டும் முழுக்காப்பு. தோட்டா போடுகிற சிலிண்டர், விசை, இடுக்கு எல்லாம் ஈரச் சந்தனம். குழலின் வாயையும் அடைத்தே விட்டார்.

"இஞ்சருங்கோ, இது என்ன வேலை? ஈரம் பட்டால் இரும்பு கறள் பிடிக்குமெல்லே?"

"எல்லாத்துக்கும்தானே வைச்சனான்."

பூசை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கற்பூரம் அணைந்ததும் எடுக்கப் போனேன். அவர் குறுக்கே கையை நீட்டினார்.

"பூசையிலை வைச்சதை நாளைக்குக் காலமை வரைக்கும் எடுக்கப்படாது."

"இதை வெளியிலை விட ஏலாது. சட்டம்."

"சாமிக்கு முன்னாலை என்ன சட்டம்?"

"அட்டையைப் பறிச்சால் சாமி வந்து திருப்பித் தருவாரே?"

"நான் பக்கத்திலை இருந்து பாக்கிறன்."

"நீங்கள் பாக்கிறதும் பிழை. அட்டை உங்கடை பேரிலை இல்லை."

மூன்று வருடம் நான் பட்ட பாட்டை ஒரு கிண்ணம் சந்தனத்தில் கரைக்கப் பார்க்கிறாரே என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு நாளைக்கெண்டாலும் அது சாமிக்குப் பக்கத்திலை இருக்கட்டும். அடங்கிப் போகும்."

"எது?"

"அதுதான். நீர் வேலைக்குப் போனால் நான் நிலவறைக்கு இறங்கிறேல்லை. மேலை அரிசி முடிஞ்சாலும் கீழை இருக்கிற மூட்டையை எடுக்க நீர் வருமட்டும் பாத்துக்கொண்டு இருப்பன். அது வீட்டுக்கு வந்த நாளிலை இருந்து ஒரு வருசமா அப்பிடித்தான்."

ஒரு வருடம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறாரே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ரிவால்வரை எடுத்தேன். எடுக்கத்தான் வேண்டும். இந்த முறை அவர் தடுக்கவில்லை.

குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். குழலுக்குள் இருந்த சந்தனத்தைக் கம்பியில் துணி சுற்றித் தள்ளி எடுத்தேன். சிலிண்டர் இறுகிப்போயிருந்தது. பல்துலக்கியால் இடுக்கைச் சுரண்டி, மெல்ல அசைத்துப் பக்கவாட்டில் திறந்தேன். அவர் கதவடியில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளுக்கை ஏதும் இருக்குதோ?"

"வந்து பாருங்கோ."

தயங்கித் தயங்கி வந்தார். கையில் கொடுக்காமல் நானே யன்னல் பக்கமாகப் பிடித்துக் காட்டினேன். ஆறு ஓட்டை, ஆறிலும் வெளிச்சம். ஒவ்வொன்றாகக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசி ஓட்டையைப் பார்த்த பிறகும் நிமிரவில்லை.

"ஊரிலை எத்தினை பேர் துவக்கோடை எங்களுக்கு முன்னாலை வந்து நிண்டவங்கள்" என்றார். "ஒருத்தனும் இப்பிடித் திறந்து காட்டேல்லை."

ஒரு வருடமாக நானும் காட்டியிருக்கவில்லை.