மெழுகில் செதுக்கிய பல்

பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு மெழுகில் பல் செதுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்றுத் திருத்தணிக்கு வந்த பிறகு, பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் நண்பர் முனிரத்தினத்துக்கு நானே பல்செட் செய்துகொடுத்தேன். அதன் அடியில் ஈறில் புண் வந்தது. பல்செட் உரசுகிறது என்று தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தேன். புண் ஆறவில்லை.

அவர் பஸ் ஸ்டாண்டு அருகே கிளினிக் வைத்திருக்கும் இளம் பெண் பல் மருத்துவரிடம் போனார். புண்ணில் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி, அந்தப் பெண் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். எனக்குச் சந்தேகம். நேரிலேயே போய், "மெழுகுல ஒரு கடைவாய்ப்பல் செதுக்குவியாம்மா?" என்று கேட்டேன்.

"காலேஜ்ல அதையேதான் செஞ்சிகினு இருந்தோம் சார். இப்ப எல்லாம் மறந்துபோச்சு, கம்ப்யூட்டரே பண்ணிடுது. அவரை சீக்கிரம் அனுப்புங்க சார்."

பல் செதுக்கத் தெரியாதவளுக்குப் புண்ணைப் பற்றி என்ன தெரியும்?

"கமிஷனுக்காக அனுப்புறா. போகாதீங்க," என்றேன் முனிரத்தினத்திடம்.

"ஆங், உங்களுக்குத் தெரியாததா டாக்டரே!"

மழைக்காலம் முடிந்து, தாடை வீங்கிய பிறகுதான் போனார். புற்றுநோய். கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது, பல்செட்டை என் கையில் வைத்துக் குழறலாகக் கேட்டார்: "வேற யாருக்காவது ஆவுமா டாக்டரே?"

ஆகாது. அது இப்போது என் மேசையில் இருக்கிறது. எவ்வளவு தேடியும் அதில் ஒரு குறை தெரியவில்லை. செதுக்குவதை வருடக்கணக்காகக் கற்பித்தேன். ஆறாத புண்ணைப் பற்றி வருடத்துக்கு ஒரு வகுப்பு எடுத்திருப்பேன், அதையும் அவசரமாக.