பாதி அழுத்திய பொத்தான்

மகளுக்கு இரண்டே கால் வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளுடைய ஒரு கண் விலகிப் போவதைப் பார்த்தேன். ஸ்ரீவராகம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் அப்படியே இருந்தது. மற்றது மெல்ல வெளிப்பக்கமாக ஒதுங்கியது. "என்ன பாக்கறே கண்ணா?" என்று கேட்டேன். அவள் திரும்பியதும் இரண்டு கண்களும் நேராக என்னைப் பார்த்தன.

அதன் பிறகு அவள் முகத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. பால் பொங்கி வழிந்தது. அந்த விலகல் வாரத்தில் இரண்டு நாள் வந்தது, சில வாரம் வரவே இல்லை. நான் கூப்பிட்டு மற்றவர்கள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கண் நேராக இருந்தது.

"உனக்கு எதுவானாலும் ரெண்டு தடவை தோணும். ஒரு தடவை ஆமான்னு, ஒரு தடவை இல்லைன்னு," என்றார் கணவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்தாள். "மன்னி, நீங்க பாத்துப் பாத்தே அவ கண்ணத் திருப்பிடுவேள், கேட்டேளா." பக்கத்து வீட்டு மாமி அதற்கும் மேலே போனாள். "அது லக்ஷ்மிக் கண்ணாக்கும். கொஞ்சம் ஓரம் போனா ஐஸ்வர்யம்டீ. டாக்டர்ட்ட கொண்டு போய் நேராக்கி வச்சுடாதே!"

டாக்டரிடம் கொண்டு போனேன். கண்ணுக்கு முன்னால் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார் அந்த அம்மாள். மகள் அதையே உற்றுப் பார்த்தாள். கண்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன.

"எந்தக் கண்ணு போறது?"

"இடது" என்றேன். என் எதிரில் நின்றால் அவளுடைய இடது எனக்கு வலது பக்கம்தானே என்று அப்போதுதான் தோன்றியது. "இல்லை, வலது" என்றேன். மறுபடி இடது என்றேன். கூட வந்திருந்த கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் கேலி செய்யவில்லை. மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "சில குட்டிகளுக்கு தூரத்துல பாக்கறப்போ மட்டும் போகும். கூப்பிட்டா நேரே வந்துடும். அப்படி உண்டெங்கில் சீக்கிரம் தெரியணும். போற கண்ண மூளை ஒதுக்கத் தொடங்கிடும், பின்னே அந்தக் கண்ணு நல்லா பாக்காது. அடுத்த மாசம் வரப்போ ஒரு ஃபோட்டோ கொண்டு வரூ."

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது என் அண்ணா கொடுத்த டிஜிட்டல் காமிரா அலமாரியில் இருந்தது. ஒரு மாதம் நிறையவே போதும் என்று நினைத்தேன்.

முதல் வாரத்தில் நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். கண் விலகுவதைப் பார்ப்பேன், பொத்தானை அழுத்துவேன். காமிரா உள்ளுக்குள் ஏதோ முனகும். லென்ஸ் முன்னும் பின்னும் அசையும். ஒரு சின்ன வெளிச்சம் வெட்டும், பிறகு பெரிய வெளிச்சம். அதற்குப் பிறகுதான் படம். அதற்குள் மகள் திரும்பியிருப்பாள், அல்லது முதல் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடியிருப்பாள். மூடிய இமைகள் மட்டும் இருபது படங்கள். வீடியோவும் அதில் எடுக்கலாம், ஆனால் தீப்பெட்டி அளவில் வந்த அந்தப் படத்தில் கண் ஒரு புள்ளி. கணவரின் பழைய ஃபிலிம் காமிரா அழுத்தியவுடன் எடுக்கும். ஆனால் கிடைத்ததா இல்லையா என்று தெரிய சுருள் முழுக்க முடிந்து கழுவி வர வேண்டும். எனக்கு அத்தனை பொறுமை இல்லை.

"எல்லாம் அழகான ஃபோட்டோதான் மன்னி. ஒண்ணுல கூட கண்ணு கோணலா இல்லையே" என்றாள் நாத்தனார். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இல்லாத ஒன்றை நான் உண்டாக்குகிறேனா? இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா? எந்த அம்மா அப்படி ஆசைப்படுவாள்?

ஒரு மத்தியானம் மகள் தூங்கும்போது காமிராவோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பி.எஸ்ஸி.க்குப் பிறகு எதையும் அப்படிப் படித்ததில்லை. பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு என்று அதில் இருந்தது. பாதி அழுத்தினால் காமிரா தூரத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும், முழுக்க அழுத்தினால் எடுக்கும். நான் ஒரே அமுக்காக அமுக்கியதால் அந்த வேலையெல்லாம் அழுத்திய பிறகுதான் நடந்திருக்கிறது. அந்தச் சின்ன வெளிச்சம் கண்மணி சிவப்பாக விழாமல் இருப்பதற்காம். அதை அணைத்துவிடலாம்.

சுவர்க் கடிகாரத்தின் முன்னால் போய் நின்றேன். வினாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் பழைய மாதிரியே ஒரே அமுக்கு. படத்தில் முள் இரண்டு துடிப்பு தாண்டியிருந்தது. பிறகு ஃப்ளாஷை அணைத்துவிட்டு, பாதி அழுத்திக் காத்திருந்து, முள் பன்னிரண்டுக்கு வந்ததும் மீதியை அழுத்தினேன். படத்தில் முள் பன்னிரண்டிலேயே நின்றது. நம்பாமல் எட்டு தடவை எடுத்தேன். எட்டிலும் அப்படித்தான். இரண்டு வினாடி. என் மகளின் கண் விலகி நின்று திரும்பி வருவதற்கு அதுவே அதிகம்.

வீட்டுக்குள் ஃப்ளாஷ் இல்லாமல் படம் கலங்கியது. அதனால் வாசலுக்கு வந்தேன். முகத்தை நோக்கிப் பாதி அழுத்தினால் அவள் அசைந்தவுடன் பயனில்லாமல் போயிற்று. வாசலில் காலையில் நான் போட்ட கோலம் இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து மாவைக் கிள்ளிக் கலைப்பது அவளுடைய வழக்கம். கருந்தரையில் வெள்ளைக் கோடு காமிராவுக்குச் சட்டென்று பிடிபட்டது. அவள் உட்கார்ந்திருக்கும் தூரத்திலேயே இருந்த கோட்டை நோக்கிப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் காமிராவை அவள் முகத்துக்கு உயர்த்திக் காத்திருந்தேன்.

ஆனால் இரண்டு நாள் இன்னும் ஒரு தப்பைச் செய்தேன். கண் விலகியதும் என்னையறியாமல் "கண்ணா!" என்று கூப்பிட்டேன். ஃபோட்டோ எடுக்கும்போது குழந்தையைக் கூப்பிடாத வீடு எங்கே இருக்கிறது? கை தட்டுவோம், சொடக்குப் போடுவோம், சிரி என்போம். அவள் திரும்புவாள், கண் நேராகும். டாக்டரின் கிலுகிலுப்பையும் அதைத்தான் செய்திருக்கிறது. தாமதம் காமிராவில் பாதி, என் வாயில் பாதி.

எங்கள் தெருவுக்கு மேலே விமானங்கள் தாழ்வாகத்தான் போகும். சத்தம் கேட்டால் நாத்தனார் எங்கிருந்தாலும் ஓடி வந்து, "மோளே, ப்ளேனுக்கு டாட்டா காட்டு!" என்று கத்துவாள். மூன்றாம் நாள் சத்தம் கேட்டதும் நான் திரும்பாமலேயே சொன்னேன். "இன்னிக்கு மட்டும் வாயைத் தொறக்காதே."

"மன்னிக்கு என்ன பட்டாளத்துல சேரணுமா?" என்று முணுமுணுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

கோலக் கோட்டில் பாதி அழுத்தினேன். விமானம் கடந்து தென்னைகளுக்கு மேலே சின்னதாகியது. மகள் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கண் ஒதுங்கியது. மீதியை அழுத்தினேன்.

சின்னத் திரையை நாத்தனார்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். "ஐயோ மன்னி," என்றாள். பிறகு போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

சாலைக் கடைத்தெருவில் பிரின்ட் போட்டு டாக்டரிடம் நீட்டினேன். "எந்தக் கண்ணு?" என்று இந்தத் தடவையும் கேட்டார்.

"கன்னத்துல மை வச்ச பக்கம். எப்பவும் இடது கன்னத்துலதான் வைப்போம்." திருஷ்டிக்கு வைத்த பொட்டு படத்தில் தெளிவாக இருந்தது. போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று முகம் கழுவி அதை நானேதான் துடைத்துவிட்டிருந்தேன்.

டாக்டர் மறுபடியும் பரிசோதித்தார். இந்த முறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்க வைத்து, ஒரு கண்ணை மறைத்து மறைத்து எடுத்தார். "அம்மா சொன்னது சரியாணு. இடது. நேரத்துக்கு வந்தீங்க. தினம் கொஞ்ச நேரம் வலது கண்ண ஒட்டி மூடணும், அப்போதான் இடது வேலை செய்யும்."

நான் சொன்னது சரி என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று உடனே உறைத்தது. ஆட்டோவில் கணவர் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "நீ சொன்னப்போல்லாம் இப்படித்தான் இருந்துதா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன்.

மறுநாள் காலை மகள் வலது கண்ணில் ஒட்டுத்துணியோடு கோலத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை அதைப் பிய்க்கப் பார்த்தாள். விமானச் சத்தம் கேட்டது. என் கை தானாகக் காமிராவை எடுத்தது. கோட்டில் பாதி அழுத்தி உயர்த்தினேன். அவள் தலையைத் தூக்கித் தேடினாள். முதலில் தப்பான பக்கம், பிறகு சரியான பக்கம். அந்த இடது கண் விமானத்தைப் பிடித்துக்கொண்டு தென்னைகளுக்கு அப்பால் மறையும் வரை அதன் பின்னாலேயே போனது.

விரலை எடுத்துவிட்டேன். படம் எடுக்கவில்லை. டாக்டரிடம் காட்ட எடுத்திருக்க வேண்டுமோ என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது.